சந்தா நின்றது உங்களுக்கே தெரியும்: இஎஸ்ஐ கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்தின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், ஒன்றியத் தொழிலாளர் அமைச்சக அதிகாரிகளுக்கும்,

வேலை போனதற்கான நிவாரணம் கேட்டு நான் போட்ட மனு, 'நிறுவனத்திடம் சரிபார்ப்பில் உள்ளது' என்ற ஒரே வரியில் நிற்கிறது. தீபாவளிக்கு முன்னால் போட்டது. பொங்கலும் முடிந்துவிட்டது. போன வாரம் கிளை அலுவலகத்தில் போய்க் கேட்டேன். கிடைத்த பதில் இது: "உங்க கம்பெனியில நீங்களா நின்னுட்டதா போட்டிருக்காங்கம்மா. அவங்க மாத்திக் கொடுத்தாத்தான் நாங்க மேல அனுப்ப முடியும்."

என்னை வெளியே அனுப்பியவர்கள், நானாகப் போய்விட்டேன் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அது பொய் என்று அவர்களே ஒப்புக்கொண்டால்தான் எனக்குப் பணம் வருமாம். இந்தப் பதிலைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போக என்னால் முடியவில்லை.

எந்தக் கிளை, எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதப்போவதில்லை. கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். அவருக்குத் திரையில் தெரிவதைத் தாண்டி எதுவும் செய்ய அதிகாரம் இல்லை. அந்தத் திரையில் என்ன வர வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம், காருக்கு வயரிங் ஹார்னஸ் (வயர்க் கட்டு) செய்யும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். கடைசியில் என் சம்பளம் 16,000 ரூபாய். அதில் 0.75 சதவீதம், அதாவது 120 ரூபாய், மாதாமாதம் இஎஸ்ஐக்குப் பிடித்தார்கள். நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம், 520 ரூபாய். 2019 ஜூலைக்கு முன்னால் விகிதம் இன்னும் அதிகம், எங்களிடம் 1.75, அவர்களிடம் 4.75. இந்தப் பணத்தைப் பிடிக்க யாரும் என்னிடம் மனு கேட்கவில்லை, நகல் கேட்கவில்லை, ஆதார் எண் பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை. சம்பளச் சீட்டில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. திருப்பிக் கேட்கும்போதுதான் இத்தனையும் தேவைப்படுகிறது.

வேலை போன விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நாங்கள் செய்துகொண்டிருந்த மாடல் நின்றுவிட்டது, லைனை மூடுகிறோம் என்றார்கள். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் பத்துப் பத்துப் பேராக ஹெச்ஆர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் அச்சடித்த தாள் அடுக்கி இருந்தது. 'சொந்தக் காரணங்களுக்காக என் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் இருந்தது. பெயரும் எம்ப்ளாயி நம்பரும் தேதியும் மட்டும் நாங்கள் எழுத வேண்டும். "இதுல சைன் பண்ணா செட்டில்மென்ட் இந்த வாரமே வந்துடும். இல்லன்னா லேட் ஆகும், அப்புறம் எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட்டும் கஷ்டம்" என்றார் அங்கே இருந்தவர். எனக்கு முன்னால் நின்ற பெண் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள். அவள் கேட்கவே தேவையில்லை. அந்த இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார்கள். எல்லோரும் போட்டோம். மாதம் பிறந்தால் வாடகை கொடுக்க வேண்டியவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

இது ஒரு கம்பெனியின் தந்திரம் மட்டும் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆட்குறைப்பு என்றால் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். ராஜினாமா என்றால் அந்தச் செலவே இல்லை. அதனால் எல்லாமே ராஜினாமா ஆகிவிடுகிறது.

அடுத்தது உங்கள் இணையதளம். மாதச் சந்தாவை ஏற்றும்போது ஒரு தொழிலாளிக்கு வேலை நாள் பூஜ்யம் என்று போட்டால், காரணம் என்ன என்று அது கேட்கிறது. தேர்ந்தெடுக்க ஓர் எண் பட்டியலும் தருகிறது. 2 என்றால் வேலையை விட்டுவிட்டார். 3 என்றால் ஓய்வு. 9 வேலைநிறுத்தம் அல்லது கதவடைப்பு. 10 ஆட்குறைப்பு. 11 வேலை இல்லை. எங்கள் லைனில் வெளியே போன எல்லோருக்கும் 2 விழுந்திருக்கிறது. விழுந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்கு ஒரு எஸ்எம்எஸ் வரவில்லை, 'இது சரியா' என்று யாரும் கேட்கவில்லை. நம் வாழ்க்கையைப் பற்றி ஒரு பதிவு, நமக்குத் தெரியாமலே எழுதப்படுகிறது, அதை மாற்ற நமக்கு வழி இல்லை.

அந்த 2-க்கும் 10-க்கும் நடுவில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்களிடம் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, 2005 ஏப்ரலில் தொடங்கிய ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. ஆட்குறைப்பிலோ ஆலை மூடலிலோ வேலை இழந்தவருக்கு முதல் 12 மாதம் சராசரி ஊதியத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். இன்னொன்று, 2018 ஜூலையில் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. அதில் 50 சதவீதம், அதிகபட்சம் 90 நாள், ஆயுளுக்கு ஒரே முறை. 16,000 ரூபாய் சம்பளத்துக்கு முதல் திட்டத்தில் சுமார் 1,44,000 ரூபாய் வரும். இரண்டாவதில் சுமார் 24,000. ஆட்குறைப்பு என்று பதிவாகியிருந்தால் நான் பெரிய தொகையைக் கேட்டிருக்கலாம். 2 என்று பதிவானதால் சின்னத் தொகைக்கே தொங்கிக்கொண்டிருக்கிறேன். கம்பெனியில் கணக்கு ஏற்றுகிறவர் மவுஸை ஒரு தட்டுத் தட்டியதில் என் பங்குக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போய்விட்டது. அவருக்கு இது தெரிந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

அந்தச் சின்னத் தொகைக்கும் ஏன் இழுபறி? ஒழுங்கு நடவடிக்கையில் வேலை போனவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும் நிவாரணம் கிடையாது என்பது விதி. விதியில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் 'வேலையை விட்டுவிட்டார்' என்று திரை சொன்னதும், விருப்பப்பட்டுப் போனவரோ என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டால் பதிலும் சொல்வேன், லைன் மூடியதைப் பார்த்த ஆட்களையும் காட்டுவேன். நீங்கள் கம்பெனியிடம் கேட்கிறீர்கள். கம்பெனிக்குப் பதில் சொல்ல என்ன அவசரம்? பதில் சொல்லாமல் இருந்தால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நான் வேலையில் இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்கிறீர்கள். அந்த ஆதாரம் முழுக்க உங்களிடமே இருக்கிறது. எந்த மாதத்தோடு என் சந்தா நின்றது என்று உங்களுக்குத் தெரியும். நான் வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தால் அதே ஐபி நம்பரில், அதாவது என் இஎஸ்ஐ காப்பீட்டு எண்ணில், புதிய சந்தா வந்திருக்கும், வரவில்லை. இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்தேனா, வேலை போவதற்கு முந்தைய சந்தாக் காலத்தில் (ஆறு மாதம் ஒரு காலம்) 78 நாள் சந்தா இருக்கிறதா, அதற்கு முந்தைய மூன்றில் ஒன்றிலாவது 78 நாள் இருக்கிறதா, எல்லாமே ஒரு பட்டனில் வந்துவிடும். ஒருவருக்கு மாதாமாதம் வந்த சந்தா திடீரென்று நின்றால், 'என்ன ஆச்சு, நிவாரணம் வேண்டுமா' என்று நீங்கள் அல்லவா கேட்க வேண்டும்? என்கூட வெளியே வந்தவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது. எனக்கே பக்கத்து ரூமில் இருக்கும் ஒரு அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

அந்த அக்காவின் கதை இன்னும் மோசம். காண்ட்ராக்ட் தொழிலாளி. காண்ட்ராக்டர் மாறும்போது பழைய ஐபி நம்பரைக் கேட்காமல் புதிதாக ஒரு நம்பர் போட்டுவிட்டார்கள். கேட்டால் ஆதார் நகலைக் கொடு, போதும் என்றார்களாம். இப்போது அவர் பெயரில் இரண்டு நம்பர். ஒன்றில் பழைய வருடங்கள், இன்னொன்றில் புதிய மாதங்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் இரண்டு வருடம் தேறாது. இரண்டையும் சேர்க்கப் பழைய காண்ட்ராக்டரின் கடிதம் வேண்டும் என்றார்கள். அந்த ஆள் போன் எடுப்பதில்லை. அக்கா இப்போது கேட்பதையே விட்டுவிட்டார், வீட்டுவேலைக்குப் போகிறார். ஆள் ஒன்று, ஆதார் ஒன்று, பிடித்த பணமும் இரண்டு முறையும் உங்களுக்குத்தான் வந்தது. சேர்ப்பதற்கு மட்டும் ஏன் அவர் அலைய வேண்டும்?

பெயர் விஷயம் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. இஎஸ்ஐ பதிவில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் முழுதாக. பாஸ்புக்கில் கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் இனிஷியல். மூன்றிலும் போட்டோ நான்தான். இதை விளக்கித் தனியாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதற்குள் வங்கி விவரத்தில் இன்னொன்று கிளம்பியது. 2020-இல் அரசு வங்கிகளை இணைத்தார்களே, அதில் என் வங்கியும் ஒன்று. பழைய ஐஎஃப்எஸ்சி எண் செல்லாது, புதியதை ஏற்ற வேண்டும். நல்லவேளை, அதைக் கவுண்டரில் இருந்தவரே கண்டுபிடித்துச் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் பணம் அனுமதியானாலும் போன இடம் தெரியாமல் திரும்பியிருக்கும்.

உங்களிடமிருந்து வரும் செய்தி எல்லாம் ஆங்கிலம். ஜெராக்ஸ் கடைப் பையன் படித்துச் சொல்கிறான், தனக்குப் புரிந்த அளவுக்கு. அப்படித்தான் ஒரு முறை 'நிராகரிக்கப்பட்டது' என்று சொல்லி என்னைப் பயமுறுத்திவிட்டான். உண்மையில் அது ஆவணத்தைத் திரும்ப ஏற்றச் சொன்ன செய்தி.

காத்திருப்பது என்றால் என்ன என்று உங்கள் கோப்பில் ஒரு கட்டம் கிடையாது. வாரம் ஒருமுறை குழு லோன் வசூலுக்கு வருகிறவரிடம் 'சரிபார்ப்பில் உள்ளது' என்று சொன்னால் அவர் எழுந்து போவதில்லை. வராத தவணையைக் குழுவில் மற்ற பெண்கள் சேர்ந்து கட்ட வேண்டும், அதனால் அவர்களும் நம் வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். கம்மலை அடகு வைத்துத் தவணை கட்டினேன். அடகுக்கு வட்டி ஓடுகிறது. நான் கேட்கும் 24,000 ரூபாய் என்றாவது ஒருநாள் வரும்போது அதில் ஒரு பங்கு, அது தாமதமாக வந்ததற்கான செலவுக்கே போகும். ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: அம்மாவின் சுகர் மாத்திரை இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் இன்னும் கிடைக்கிறது. அதில் குறை சொல்ல மாட்டேன்.

பொங்கல் சீசனுக்கு ஒரு ஜவுளிக்கடையில் நாள்கூலிக்கு நின்றேன். என் 90 நாள் முடிந்த பிறகுதான் போனேன் என்பதால் அது என் மனுவைப் பாதிக்காது. என்னோடு கடையில் நின்ற இன்னொரு பெண்ணுக்கு அப்படி இல்லை. நடுவில் வேலை கிடைத்தால் அந்தத் தேதி வரைக்கும்தான் நிவாரணம். அவள் பயந்து பயந்து வேலை பார்த்தாள். நீங்கள் பணம் தருவதற்குத் தாமதமாவதால்தான் கூலிக்குப் போகிறோம். கூலிக்குப் போனதால் பணம் குறையும் என்றால், தாமதத்தில் உங்களுக்கு லாபம் என்று ஆகிறது. நீங்கள் அப்படி நினைத்து விதி போட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் நடப்பது அதுதான்.

சம்பள வரம்பு பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஜனவரியில் 21,000 என்று வைத்தீர்கள். அதற்குப் பிறகு விலைவாசி எங்கேயோ போய்விட்டது, அந்த எண் அங்கேயே நிற்கிறது. எங்கள் லைன் லீடராக இருந்த தம்பிக்குச் சம்பளம் அந்தக் கோட்டைச் சில நூறு ரூபாய் தாண்டியது; இஎஸ்ஐயிலிருந்து வெளியே வந்துவிட்டான். அடுத்த வருடமே எங்களோடு வேலையும் போனது. அவனுக்கு எந்தத் திட்டத்திலும் ஒரு ரூபாய் இல்லை. அதற்கு முன்னால் அவன் கட்டிய வருடங்கள் எல்லாம் கணக்கில் எங்கே போயின?

உங்களால் மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். 2020-இல் கொரோனா வந்தபோது நீங்களே மாற்றினீர்கள். அடல் பீமித் திட்டத்தில் 25 சதவீதமாக இருந்ததை 50 ஆக்கினீர்கள். வேலை போய் 90 நாள் கழித்துத்தான் கேட்கலாம் என்று இருந்ததை 30 நாளாகக் குறைத்தீர்கள். நான்கு சந்தாக் காலத்திலும் 78 நாள் வேண்டும் என்பதைத் தளர்த்தினீர்கள். கம்பெனி வழியாகத்தான் மனு வர வேண்டும் என்பதை எடுத்துவிட்டு, தொழிலாளியே நேரடியாகப் போடலாம் என்றீர்கள். அந்த நவம்பரில் முத்திரைத்தாள் உறுதிமொழிப் பத்திரமும் வேண்டாம் என்றீர்கள். 15 நாளில் பணம் என்று அப்போது சொன்னதும் நீங்கள்தான். முன்கதவில் கம்பெனியை விலக்கிவிட்டு, சரிபார்ப்பு என்ற பெயரில் பின்கதவு வழியாக உள்ளே விட்டுவிட்டீர்கள். என் கோபம் முழுக்க அந்தப் பின்கதவின் மேல்தான்.

எனவே கேட்கிறேன்.

வேலை நாள் பூஜ்யம் என்பதற்குக் கம்பெனி போடும் காரணம், போட்ட அன்றே அந்தத் தொழிலாளிக்கு எஸ்எம்எஸ்ஸாகத் தமிழில் வர வேண்டும். அதை மறுத்துச் சொல்ல அவருக்கு 15 நாளும், சொல்வதற்கு ஓர் எளிய வழியும் வேண்டும். மறுத்தால், அவர் விருப்பப்பட்டுப் போனார் என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனிக்கு. ஒரே நாளில் ஒரே லைனில் இத்தனை பேர் 'சொந்தக் காரணம்' சொல்லி விலகியிருந்தால் அதை உங்கள் அதிகாரி போய்ப் பார்க்க வேண்டும். அதற்குப் புகார் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

சரிபார்ப்புக் கடிதத்துக்குக் கம்பெனி 15 நாளில் பதில் தராவிட்டால், தொழிலாளி சொன்னதை உண்மை என்று எடுத்துக்கொண்டு பணத்தை விடுவியுங்கள். பிறகு தவறு என்று தெரிந்தால் வசூலிக்க உங்களுக்குச் சட்டம் இருக்கிறது.

கம்பெனி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் சந்தா கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி வாங்குகிறீர்கள். சரியான விதி. அதே 12 சதவீதத்தை, தாமதமாகும் நிவாரணத்துக்கு எங்களுக்கும் கொடுங்கள். உங்கள் பணம் தாமதமானால் வட்டி, எங்கள் பணம் தாமதமானால் பொறுமை என்பது ஒத்துவரவில்லை.

சந்தா நின்று 30 நாள் ஆனவருக்கு, தகுதி இருக்கிறது, இப்படிக் கேளுங்கள் என்ற செய்தி உங்களிடமிருந்து தானாகப் போக வேண்டும். ஒரே ஆதாரில் இரண்டு ஐபி நம்பர் இருந்தால் கிளை அலுவலகமே சேர்க்க வேண்டும். பழைய காண்ட்ராக்டரின் கடிதம் கேட்கக் கூடாது. ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு என்றால் இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதற்காக மனுவை நிறுத்தக் கூடாது. நாள்கூலிக்குப் போனதை, மனு 15 நாளுக்கு மேல் நிலுவையில் இருக்கும்போது, வேலை கிடைத்ததாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

21,000 வரம்பை உயர்த்துங்கள். அதற்கு நாளாகும் என்றால், வரம்பைத் தாண்டி வெளியே போனவருக்கு இரண்டு வருடமாவது வேலையிழப்பு நிவாரண உரிமையை விட்டுவையுங்கள்.

அடல் பீமித் திட்டத்தை இரண்டு வருடச் சோதனை என்று தொடங்கி, நீட்டித்து நீட்டித்து ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நிரந்தரமாக்குங்கள். ஆயுளுக்கு ஒரே முறை என்ற நிபந்தனையை எடுங்கள். எங்கள் வேலை ஆயுளுக்கு ஒரே முறை போவதில்லை.

கடைசியாக, என் மனு. கம்பெனியின் பதிலுக்காக அதைக் காத்திருக்க வைக்காமல், என் சந்தாப் பதிவையும் நான் கொடுத்திருக்கும் விளக்கத்தையும் வைத்து முடிவெடுங்கள். மறுப்பதாக இருந்தால் எந்த விதியின்படி என்பதையும், யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் எழுத்தில், தமிழில் தாருங்கள். இந்த மடலின் நகலோடு என் ஐபி நம்பரும் மனு எண்ணும் உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் வருகிறது.

இப்படிக்கு,
ஒன்பது வருடம் சந்தா கட்டிய ஒரு காப்பீட்டாளர்